ஹோட்டல் சலுகைக் கடனட்டை: வைத்திருப்பதா, திருப்பிக் கொடுப்பதா?

டிசம்பர் விடுமுறைக் காலத்தில் பூண்டுலோயா நகரில் புதிய முகங்கள் பலவற்றைக் காணலாம். டன்சினன் உள்ளிட்ட சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து, கொழும்பிலும் கடல் கடந்தும் தொழில் புரிவோர் குடும்பத்துடன் ஊர் திரும்பும் காலம் அது. அவ்வாறு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் எம்மிடம் ஒரு வினாவை முன்வைத்தார். அவரிடம் பன்னாட்டு ஹோட்டல் நிறுவனமொன்றின் பெயர் பொறித்த கடனட்டை உண்டு. ஆண்டுக் கட்டணம் 120 டொலர். அதற்கு ஈடாக ஆண்டுக்கு ஓர் இரவு இலவசமாகத் தங்கும் உரிமை கிடைக்கிறது. அட்டையை வைத்திருப்பதா, திருப்பிக் கொடுப்பதா என்பதே அவரது ஐயம்.

வசதி படைத்தோரின் சிக்கல் என்று இதனை ஒதுக்கிவிடலாம்தான். ஆயினும் சலுகை கூறி விற்கப்படும் கடனட்டைகள் இன்று மலையகத்தின் ஆசிரியர், அரச ஊழியர், சிறு வர்த்தகர் இல்லங்களுக்கும் வந்துவிட்டமையால், கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்பது பயனுடையது.

இவ்வட்டைகளை வங்கியொன்றும் ஹோட்டல் நிறுவனமொன்றும் ஒப்பந்தம் செய்து வெளியிடுகின்றன. நாம் செலவிடும் தொகைக்கேற்ப வழங்கப்படும் புள்ளிகளை வங்கி, ஹோட்டல் நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்குகிறது. அந்த விலையை ஆண்டுக் கட்டணம், வர்த்தக நிலையங்களிடம் பெறும் தரகு, கடனை முழுமையாகச் செலுத்தாதோரின் வட்டி ஆகியவற்றிலிருந்து ஈடுசெய்துகொள்கிறது. கனடாவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வெளியிடும் மரியட் பொன்வொய் அட்டை இவ்வகையானது. அதன் இலவச இரவு 35,000 புள்ளிகள் வரையான அறைகளுக்குச் செல்லுபடியாகும். இந்தியாவில் எச்.டி.எப்.சி. வங்கி 2023 ஆகஸ்டில் இதே நிறுவனத்துடன் இணைந்து, 3000 ரூபாவும் வரியும் ஆண்டுக் கட்டணமாகக் கொண்ட அட்டையை அறிமுகம் செய்தது.

அந்த இரவின் பெறுமதி யாது என்பதிலேயே பலரும் தவறு செய்கின்றனர். விளம்பரத்தில் அறையின் வாடகை 250 டொலர் என்று இருந்தால், 120 கொடுத்து 250 பெற்றதாக மனம் கணக்கிடுகிறது. எமது அன்பரிடம், அட்டை இல்லாவிடின் என்ன செய்திருப்பீர்கள் என வினவினோம். கட்டுநாயக்கவில் நள்ளிரவில் இறங்கியதும் குழந்தைகளுடன் கொழும்பில் ஓர் இரவு தங்குவாராம். அதற்கு 90 டொலருக்கு மேல் கொடுத்ததில்லை. எஞ்சிய நாட்கள் முழுவதும் தாயாரின் வீட்டில்தான். ஆக, அந்த இலவச இரவு அவருக்கு 90 டொலரே பெறுமதியானது. கட்டணமோ 120.

இடப்பொருத்தமும் கவனிக்கத்தக்கது. மரியட்டின் விடுதிகள் கொழும்பிலும் வெலிகமவிலும் உள்ளன. பூண்டுலோயாவிலிருந்து ஓர் இரவு குடும்பத்துடன் சென்று தங்கக்கூடிய நுவரெலியாவின் கிராண்ட் ஹோட்டல், சென்ற் அன்ட்ரூஸ், கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையை மாற்றியமைத்து உருவான ஹெரிடன்ஸ் ரீ பெக்டரி ஆகியன உள்நாட்டு நிறுவனங்களுடையவை. பன்னாட்டு நிறுவனத்தின் புள்ளிகளுக்கு அங்கே மதிப்பில்லை. போதாக்குறைக்கு, கனேடிய அட்டையை இங்கு பயன்படுத்தினால் நாணய மாற்றுக்கென 2.5 வீதம் அறவிடப்படும். விடுமுறையில் 2000 டொலர் செலவிட்டால் 50 டொலர் அவ்வழியே போய்விடும்.

புள்ளிகளைச் சேமித்து வைத்தல் அறிவுடைமையன்று. அவற்றின் மதிப்பை நிர்ணயிப்பது அவற்றை வழங்கும் நிறுவனமே. மரியட் நிறுவனம் 2022 மார்ச்சில் அறைகளுக்கான நிலையான புள்ளி அட்டவணையைக் கைவிட்டது. அதன் பின்னர் தேவைப்படும் புள்ளிகள் நாளுக்கு நாள் மாறுகின்றன. இரண்டு ஆண்டுகள் கணக்கில் எவ்வித அசைவும் இல்லாவிடின் புள்ளிகளே காலாவதியாகிவிடும்.

இலங்கை வங்கிகளின் அட்டைகளுக்கும், அவை பருவகாலங்களில் அறிவிக்கும் ஹோட்டல் கழிவுகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஆனால் இங்கு வட்டி பெரும் ஆபத்தாகும். மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டிக்கு 18 வீத உச்சவரம்பை விதித்தது. 2022 நெருக்கடியில் அது நீக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் 28 வீதமாகக் குறைக்குமாறு வங்கிகளுக்குப் பணிக்கப்பட்டது. 28 வீதத்தில், 50,000 ரூபா நிலுவைக்கு ஒரு மாத வட்டி ஏறத்தாழ 1167 ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபா என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்துவோருக்கு எந்தப் புள்ளியும் இந்த இழப்பை ஈடுசெய்யாது. அத்தகையோர் சலுகைக் கணக்கே பார்க்க வேண்டியதில்லை. நிலுவையைத் தீர்ப்பதே முதற் காரியம்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இதற்கு முற்பட்ட கேள்வி ஒன்றுண்டு. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் பேரவை 2000 ஆம் ஆண்டு ரியாத் அமர்வில், வட்டி நிபந்தனையுடன் கூடிய கடனட்டையைப் பெறுவது, உரிய தவணைக்குள் செலுத்தும் எண்ணம் இருப்பினும், ஆகாது என முடிவு செய்தது. சேவைக்கான கட்டணத்தை அப்பேரவை தடுக்கவில்லை. மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் உளர். அவரவர் தாம் நம்பும் உலமாவிடம் கேட்டுத் தெளிவதே முறை.

அன்பர் அட்டையைக் கைவிடத் தீர்மானித்தார். ஆண்டுக்குப் பல இரவுகள் தொழில் நிமித்தம் ஹோட்டல்களில் தங்கும் ஒருவருக்கு எமது விடை வேறாக இருந்திருக்கும். கைவிடுவோர் ஆண்டுக் கட்டணம் அறவிடப்படும் திகதிக்கு முன்னரே அதனைச் செய்தல் வேண்டும். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு முதலில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பல வங்கிகள் இணங்குகின்றன. எஞ்சிய புள்ளிகளைப் பயன்படுத்தி, நிலுவையைச் சதம் பாக்கியின்றித் தீர்த்து, எழுத்து மூலம் விண்ணப்பித்து, கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தையும் பெற்றுக்கொள்ள வேண்டும். அட்டையைக் கத்தரியால் வெட்டிவிட்டால் கணக்கு மூடப்பட்டதாகாது. கவனியாது விடப்பட்ட ஆண்டுக் கட்டணமும் கடன் நிலுவையாகவே வளரும். நாளை வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கையில், இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தின், அதாவது பலரும் ‘கிரிப்’ என்று கூறும் நிறுவனத்தின் அறிக்கையில் அந்த நிலுவை காணப்பட்டால், அப்போது கைகொடுக்கப் போவது அந்தக் கடிதமே.