‘சாப்ட்டுப் பாரு’ ஜப்பானிய மொழியிலும் உண்டு: ‘மிரு’ என்ற வினைச்சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

புதுசாக ஒரு பிரியாணிக் கடை திறந்தால் நண்பனிடம் என்ன சொல்வோம்? “ஒரு தடவை சாப்ட்டுப் பாரு.” வாயில் போடுவதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஜப்பானியர்களும் கேட்பதில்லை. அவர்கள் நண்பனிடம் சொல்வது: “தபேத்தே மித்தே.” ‘தபேத்தே’ என்றால் சாப்பிட்டு. ‘மித்தே’ என்றால் பாரு. அதே இரண்டு சொல், அதே வரிசை, அதே அர்த்தம்.

அந்த ‘மித்தே’யின் மூலச்சொல் ‘மிரு’. பார் என்று பொருள். ஜப்பானிய மொழி படிப்பவர்கள் தொடக்கப் பாடங்களிலேயே சந்திக்கும் வினைச்சொல். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அதை ஆங்கில வழி ஆப்களிலும் புத்தகங்களிலும்தான் படிக்கிறோம். அங்கே ‘மிரு’ என்றால் ‘சீ’ அல்லது ‘வாட்ச்’. சில மாதம் கழித்து, ‘தபேத்தே மிரு’ வந்ததும் ‘டிரை’ என்று இன்னொரு அர்த்தம் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். தமிழ் தெரிந்தவருக்கு இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. ‘பார்’ என்ற ஒரே சொல்லில் இரண்டும் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருப்பவர்களுக்கு அந்நிய மொழி ஒன்றும் அந்நியம் இல்லை. பேட்டையின் பெயரே பிரெஞ்சு கவர்னர் ழான் லாவிடமிருந்து வந்தது என்று சொல்வார்கள். (ஜப்பானியர் வாயில் அது ‘ராஸ்பேட்டை’ ஆகிவிடும், அவர்களுக்கு ‘ல’ கிடையாது.) வேலைக்காகப் பிரெஞ்சு படித்த ஊரில் இப்போது வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கவும் காரணம் இருக்கிறது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டுமானம் போன்ற துறைகளுக்கு இந்தியாவிலிருந்து ஆட்களை எடுக்க இரு நாடுகளும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டன. அந்த விசாவுக்குப் பொதுவாக ஜே.எல்.பி.டி. தேர்வில் என்4 நிலை, அல்லது அதற்கு இணையான இன்னொரு தேர்வில் தேர்ச்சி வேண்டும். ஜே.எல்.பி.டி. இந்தியாவில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். லாஸ்பேட்டைக்காரர்கள் எழுத வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும்.

ஒரு சிக்கல். ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வே கிடையாது. பாஸ் செய்துவிட்டு, முதல் நாள் ஆபீஸில் ‘மிரு’வைத் தப்பான இடத்தில் போட்டு முழிக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

பார், பார்த்து, பார்த்தேன்

‘மிரு’ எளிமையான வகை வினை. கடைசி ‘ரு’வை எடுத்துவிட்டு வேண்டியதை ஒட்டினால் போதும். மரியாதையாகச் சொல்ல ‘மிமாஸ்’. பார்த்தேன் என்றால் ‘மித்தா’. பார்க்கவில்லை, பார்க்க மாட்டேன் இரண்டுக்கும் நெருக்கமாக ‘மினாய்’. பார்த்து என்றால் ‘மித்தே’. யார் பார்த்தாலும் வடிவம் மாறாது: நான், நீ, அவள் எல்லோருக்கும் ‘மித்தா’தான். பார்த்தேன், பார்த்தாய், பார்த்தாள் என்று மாற்றிப் பழகிய நமக்கு இது பெரிய நிம்மதி.

வாக்கிய அமைப்பும் கைக்கு அடக்கம். ‘எய்கா ஓ மிமாஸ்’: படத்தைப் பார்க்கிறேன். ‘எய்கா’ படம், ‘ஓ’ நம்ம ‘ஐ’ வேற்றுமை உருபு, வினை கடைசியில்.

இனி துணைவினை. துணிக்கடை ட்ரயல் ரூமில் ‘கித்தே மிமாஸ்’, போட்டுப் பார்க்கிறேன். புது வேலை கொடுத்தால் ‘யாத்தே மிமாஸ்’, செய்து பார்க்கிறேன். கியோட்டோவுக்கு ‘இத்தே மித்தாய்’, போய்ப் பார்க்கணும். மூன்றிலுமே முதல் சொல் நம் வினையெச்சம், இரண்டாவது நம் ‘பார்’. எழுதும்போது மட்டும் ஒரு கவனம்: கண்ணால் பார்ப்பதற்குக் காஞ்சி எழுத்து உண்டு, ‘கண்’ என்ற எழுத்துக்குக் கீழே இரண்டு கால் முளைத்த மாதிரி இருக்கும். துணைவினையாக வரும்போது அதை எழுதாமல் ஹிரகானாவில் எழுதுவதே வழக்கம்.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று ருசி பார்ப்பது ‘அஜி ஓ மிரு’. நாடி பார்ப்பது ‘மியாகு ஓ மிரு’. கனவு காண்பது ‘யுமே ஓ மிரு’. குழந்தையையோ பெரியவர்களையோ பார்த்துக்கொள்வது ‘மெண்டோ ஓ மிரு’. பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தினமும் கேட்பார்கள். பெரியவர்கள் ஏற்பாடு செய்து வைக்கும் வரன் சந்திப்புக்கு ‘ஒமியாய்’ என்று பெயர். அதிலிருக்கும் ‘மி’யும் இதே பார்வைதான். நாம் பெண் பார்க்கப் போகிறோம். அங்கே சொல்லளவில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த விஷயத்தில் ஜப்பானியச் சொல்தான் நியாயமானது.

இதையெல்லாம் பார்த்து, ‘அப்போ ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்ததா?’ என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு தட்ட வேண்டாம். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ‘சாப்பிட்டுப் பார்’ இந்தியிலும் ‘கா கே தேகோ’ என்று இருக்கிறது, கொரிய மொழியிலும் அதே அமைப்பு உண்டு. எனவே இதை உறவுக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. படிக்கிறவருக்கு வசதி, அவ்வளவுதான்.

“பாக்கலாம்” என்றால் என்ன?

பெண் பார்த்துவிட்டு “ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்” என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்தால், லெட்டர் வராது என்பது சமையலறையில் இருப்பவர்களுக்கும் தெரியும். ஜப்பானிய வாடிக்கையாளருடன் வீடியோ மீட்டிங்கில் இருக்கும் இளைஞருக்கு அந்தக் காது வேண்டும். விலையைச் சொன்னதும் எதிர்முனையில் “கெந்தோ ஷித்தே மிமாஸ்” என்கிறார்கள். ஆராய்ந்து பார்க்கிறோம் என்று பொருள். ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு ‘கன்சிடர் பண்றாங்களாம்’ என்று மேனேஜருக்கு மெயில் போட்டால் வம்பு. நிஜமாகவே ஆராயவும் கூடும். ஆனால் பல நேரங்களில் அது முகத்தை முறிக்காத ‘வேண்டாம்’. வீட்டு வாடகையைக் குறைக்கச் சொன்னால் ஓனர் “பாக்கலாம்” என்பாரே, அந்தத் தொனிதான். பதில் எந்தத் தேதிக்குள் வரும் என்று கேளுங்கள். தேதி வராவிட்டால் புரிந்துகொள்ளலாம்.

தமிழ் காலை வாரும் இடங்கள்

‘நாளைக்கு மேனேஜரைப் பாக்கணும்’ என்பதை அப்படியே ‘புச்சோ ஓ மிமாஸ்’ என்று மாற்றினால், மேனேஜரை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போவதாக ஆகிவிடும். ஆளைச் சந்திப்பதற்கு வேறு வினை: ‘புச்சோ நி ஐமாஸ்’. ‘வேலை பாக்கிறேன்’ என்பதற்கும் ‘மிரு’ வராது. ‘ஹதராகிமாஸ்’ என்று சொல்ல வேண்டும்.

இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. ‘திறந்து பார்த்தேன்’ என்றால் கதவு திறந்தது, உள்ளே என்ன என்று தெரிந்தது. ‘திறக்கப் பார்த்தேன்’ என்றால் முயன்றேன், ஒருவேளை திறக்கவே இல்லை. தமிழில் இரண்டுக்கும் ‘பார்’. ஜப்பானியத்தில் முதலாவது மட்டும்தான் ‘அகேத்தே மித்தா’. இரண்டாவதுக்கு ‘அகேயோ தோ ஷித்தா’. ஆங்கிலத்தில் இரண்டையும் ‘டிரை’ போட்டே படித்தவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

லாஸ்பேட்டை மொட்டை மாடியில் நிற்கிறீர்கள், விமானம் கண்ணில் படுகிறது. ‘விமானம் தெரியுது’ என்போம், பார்க்கிறேன் என்று சொல்ல மாட்டோம். அங்கேயும் ‘மிரு’ அல்ல, ‘மியேரு’: ‘ஹிகோகி கா மியேமாஸ்’. ‘தெரியுது’ நினைவிருந்தால் இது தப்பாது.

கடைசியாக மரியாதை. நாம் ‘பாருங்க’ என்று ஒரு ‘ங்க’ சேர்த்தால் முடிந்தது. அங்கே சொல்லே மாறும். அமைச்சர் பார்க்க மாட்டார், ‘பார்வையிடுவார்’. சாமியை நாம் பார்ப்பதில்லை, ‘தரிசிக்கிறோம்’. அந்த மாதிரி. வாடிக்கையாளர் பார்ப்பதானால் ‘கோரன்’: இணைப்பைப் பாருங்கள் என்று மெயிலில் எழுத ‘கோரன் குதசாய்’. அவர் அனுப்பியதை நீங்கள் பார்த்ததானால் பணிவாக ‘ஹாய்கென் ஷிமாஷ்தா’. வாடிக்கையாளரிடம் ‘மிமாஷ்தா கா’ என்று கேட்டால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் தாத்தாவிடம் போய் ‘பாத்தியா?’ என்று கேட்ட கதைதான்.