மேடையிலேயே கைதான செல்லோ கலைஞர்... 1967-ல் நியூயார்க்கில் நடந்தது என்ன?

1967 பிப்ரவரி 9. நியூயார்க்கில் ஒரு சின்ன திரையரங்கு. மேடையில் சார்லட் மூர்மன் செல்லோ வாசித்துக்கொண்டிருக்கிறார். இடுப்புக்குக் கீழே பாவாடை. மேலே ஆடை இல்லை. நிகழ்ச்சி முடியவில்லை, அதற்குள் போலீஸ் வந்து அவரைக் கைது செய்தது. நிகழ்ச்சியை உருவாக்கிய நாம் ஜூன் பைக்கும் கைதானார்.

விளம்பரத்துக்காகச் செய்த வேலை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

யார் இந்த மூர்மன்?

அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் 1933-ல் பிறந்தவர். புகழ்பெற்ற ஜூலியார்ட் இசைப் பள்ளியில் படித்தவர். நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியின் அமெரிக்கன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். அதாவது, பாக்கும் பிராம்ஸும் வாசிக்கத் தெரிந்த, முறையாகப் பயின்ற கலைஞர். 1963-ல் நியூயார்க்கில் சோதனை முயற்சிகளுக்கென்றே ஒரு கலை விழாவைத் தொடங்கியதும் இவர்தான்.

கொரியாவில் பிறந்த பைக், பின்னாளில் 'வீடியோ கலையின் தந்தை' என்று பெயர் வாங்கியவர். அவருடைய கேள்வி இது: இலக்கியத்திலும் ஓவியத்திலும் உடலுக்கும் காமத்துக்கும் இடம் இருக்கிறது. கச்சேரி மேடையில் மட்டும் ஏன் இல்லை? செல்லோ என்பது மடியோடு அணைத்து, கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் வாத்தியம். வாசிப்பவரின் உடல் எப்போதும் கண் முன்னால்தான் இருக்கிறது. ஆனால் அது தெரியாத மாதிரியே எல்லோரும் உட்கார்ந்து கேட்கிறோம்!

அதை உடைக்க பைக் உருவாக்கியதுதான் 'ஆபரா செக்ஸ்ட்ரானிக்'. நான்கு பாகங்கள், ஒவ்வொன்றிலும் வேறு கோலம். முதல் பாகத்தில் மின்விளக்கு பொருத்திய பிகினி. இரண்டாவதில் போலீஸ் வந்துவிட்டது. மற்ற இரண்டும் அன்று நடக்கவேயில்லை.

கேள்வி பைக்குடையது. ஆனால் அதற்காக மேடையில் நின்ற உடம்பு மூர்மனுடையது. இதை மறந்துவிடக் கூடாது.

வழக்கு என்ன ஆச்சு?

பைக் மீதான குற்றச்சாட்டு நிற்கவில்லை. அநாகரிகமாக உடலைக் காட்டினார் என்று மூர்மனைக் குற்றவாளியாக அறிவித்தது நீதிமன்றம். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் ஆர்கெஸ்ட்ரா வேலை போனது. 'மேலாடை இல்லாத செல்லோக்காரி' என்று பத்திரிகைகள் வைத்த பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. படித்த படிப்பு, நடத்திய விழா எல்லாம் அந்த ஒரு பெயருக்குப் பின்னால் போய்விட்டன.

தமிழில் கூச்சம் வேறு, அவமானம் வேறு. கூச்சம் நமக்குள்ளேயே எழுவது. அவமானம் பெரும்பாலும் அடுத்தவர் கொண்டுவந்து கொடுப்பது. மூர்மன் மேடைக்குக் கொண்டுவந்தது முதலாவதை. கோர்ட்டும் பத்திரிகைகளும் திருப்பிக் கொடுத்தது இரண்டாவதை.

இதே ஊரில் இன்னொரு மேடை

இதற்கு 2 ஆண்டுகள் முன்பு, 1965 மார்ச்சில், நியூயார்க் கார்னகி ரிசைட்டல் ஹாலில் யோகோ ஓனோ 'கட் பீஸ்' நிகழ்த்தினார். முதலில் 1964-ல் ஜப்பானின் கியோட்டோவில் செய்து காட்டியது அது. ஓனோ அசையாமல் மேடையில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு கத்தரிக்கோல். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் உடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்!

அன்று எடுத்த படம் இருக்கிறது. சிலர் தயங்கித் தயங்கி சின்னத் துண்டு வெட்டுகிறார்கள். ஒரு இளைஞர் நிதானமாக உள்ளாடை வரை வெட்டிக்கொண்டே போகிறார். ஓனோ கைகளால் மார்பை மறைத்துக்கொள்கிறார். பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

இங்கே ஒளிந்துகொள்ள ஒரு கதாபாத்திரம் கிடையாது. அவ்வளவு பேர் முன்னால் ஆடை போவது ஓனோவுக்கு. ஆனால் கத்தரிக்கோலை எடுத்தவரின் குணமும் அதே வெளிச்சத்தில்தான் தெரிகிறது. போலீஸ் கைதில் முடிந்த மூர்மன் நிகழ்ச்சியில் பார்வையாளர்களுக்கு அந்த நெருக்கடி வரவில்லை. அவர்கள் சாட்சிகளாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். 2003-ல் பாரிஸில், 70 வயதில், ஓனோ இதை மறுபடியும் செய்தார்.

மூர்மன் அப்புறம் என்ன செய்தார்?

நிறுத்தவில்லை. 1969-ல் பைக் செய்துகொடுத்த இரண்டு குட்டி டிவி பெட்டிகளை மார்பில் கட்டிக்கொண்டு செல்லோ வாசித்தார். வில் இழுக்க இழுக்க டிவியில் படம் மாறும். ஓனோவின் 'கட் பீஸ்'ஸையும் பல ஆண்டுகள், பல மேடைகளில் தானே நிகழ்த்தினார். மார்பகப் புற்றுநோய் வந்தது, அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் மேடையேறினார். 1991-ல், 57 வயதில் இறந்தார். அவர் சேர்த்துவைத்த கடிதங்களும் காகிதங்களும் இப்போது அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.