தறி அட்டையும் இயந்திரக் கையும்

சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர், குன்றின்மேல் முருகன் கோயில் கொண்ட ஊர் என்ற அளவில் குன்றத்தூரை யாவரும் அறிவர். அவ்வூர்த் தெருக்களில் பட்டு நெசவு தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வந்தது என்பது வெளியூரார் பலருக்குத் தெரியாது. சுற்றியுள்ள கிராமங்களோ செம்பரம்பாக்கம் ஏரியையும் தத்தம் சிற்றேரிகளையும் நம்பி நெல் விளைத்தவை. இன்று அதே வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும், மோட்டார் வண்டிகளும் மின்னணுச் சாதனங்களும் உற்பத்தியாகின்றன. பாட்டனார் தறியில் அமர்ந்த வீட்டிலிருந்து பேத்தி தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிச் செல்கிறாள். இம்மாறுதல் எவ்வாறு வந்தது, இதில் ஊராட்சிக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் கழனியைப் பார்ப்போம். ஏற்றம் இறைத்த காலத்தில் ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடப்பார். மற்றொருவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். இறைத்த சால்களின் கணக்கு பாட்டாகவே ஓடும். கவலையில் அந்த உழைப்பை மாடுகள் ஏற்றன. பைகாராவில் 1932-இலும் மேட்டூரில் 1937-இலும் தொடங்கிய நீர்மின் உற்பத்தி, நாடு விடுதலை பெற்றபின் கம்பி வழியே கிராமங்களை நாடி வந்தது. மின்மோட்டார் ஏற்றத்தையும் கவலையையும் ஓய்வுகொள்ளச் செய்தது. இறைப்பவரின் முதுகுநோவு தீர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், வசதியுள்ளவர் ஆழக் கிணறு வெட்டி மோட்டார் வைக்க, பக்கத்து ஏழையின் ஆழமில்லாத கிணறு வற்றிப்போன ஊர்களும் உண்டு. பிற்பாடு வந்த அறுவடை இயந்திரம் ஓர் ஏக்கர் நெல்லை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறுத்து அடித்துத் தந்துவிடுகிறது. மழைக்கு அஞ்சும் விவசாயிக்கு இது பெரும் ஆறுதலே. களத்தில் கூலிநெல் அளந்து வாங்கிச் சென்ற பெண்களுக்கோ அந்த நெல் நின்றுபோயிற்று. ஒரே இயந்திரம் ஒருவருக்கு வரவும் மற்றொருவருக்குச் செலவும் ஆவதைக் கழனியிலேயே கண்டுகொள்ளலாம்.

தறியின் கதை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரைகள் வேறு நிறமாகவும் அமையக் கோர்வை முறையில் நெய்யும்போது மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒரு கரையின் நாடாவை வாங்கித் திருப்பி விடுவதற்கு நெய்பவருக்குத் துணையாள் தேவை. பல வீடுகளில் அத்துணையாள் ஒரு சிறுவனே. ‘அடை’ என்னும் நூற்கட்டைக் கொண்டு பூவேலை செய்த முன்னாளில், எந்த இழைகளை எப்போது தூக்குவது என்பதும் துணையாளின் கையில் இருந்தது. தறிக்குழியே அவனுக்குப் பள்ளிக்கூடம், தந்தையே ஆசிரியர். கைத்திறன் தவறாமல் மகனுக்கு வந்து சேர்ந்தது. எழுத்தறிவு வந்து சேரவில்லை.

பிரான்சு நாட்டு லியோன் நகரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர், 1804-ஆம் ஆண்டில், பூவேலைக்குரிய இழைகளைத் தாமே தூக்கும் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். நம் நெசவாளர் தறிக்குமேல் ஏற்றி வைத்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டி அதன் வழிவந்ததே. அது வேலைசெய்யும் விதம் எளிது. துளையிட்ட அட்டைகள் பல மாலைபோலக் கோக்கப்பட்டிருக்கும். மிதியை ஒருமுறை அழுத்தினால் ஓர் அட்டை பெட்டியின் ஊசிகளுக்கு எதிரே வந்து நிற்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழைந்துவிடும். அதனுடன் பிணைந்த கொக்கி இடம் பெயராமல் இருந்து தன் பாவிழைகளை மேலே தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். அந்த இழை கீழேயே கிடக்கும். மயிலோ மாங்காயோ அன்னமோ, எதுவாயினும், ‘துளை உண்டு’, ‘துளை இல்லை’ என்னும் இரண்டே சொற்களால் எழுதப்பட்டதுதான்.

இந்த இரண்டு சொற்களின் பயணம் வியப்புக்குரியது. இங்கிலாந்தில் சார்லசு பாபேஜ் என்னும் அறிஞர் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்குக் கட்டளையிட இவ்வட்டைகளையே முன்மாதிரியாகக் கொண்டார். அமெரிக்காவில் ஹெர்மன் ஹோலரித் 1890-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கைத் துளையட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார். அதன்பின் வந்த கணினிகளும் நெடுநாள் துளையட்டை வாயிலாகவே கட்டளை பெற்றன. இன்றைய கணினியும் ‘உண்டு, இல்லை’ என்னும் அதே இரண்டு குறிகளைக் கொண்டே இயங்குகிறது. மோட்டார் தொழிற்சாலையில் வண்டிக் கூட்டின் தகடுகளைப் பற்றவைக்கும் இயந்திரக் கையும் அத்தகைய கட்டளைக்குக் கீழ்ப்பட்டதே. ‘இவ்விழையைத் தூக்கு’ என்று தறியில் அட்டை சொல்கிறது. ‘இவ்விடத்திற்குச் சென்று பற்றவை’ என்று தொழிற்சாலையில் நிரல் சொல்கிறது. கட்டமிட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக எண்ணிப் பூவை அட்டைக்கு மாற்றும் நெசவாளரின் அறிவும், இயந்திரக் கைக்கு நிரல் எழுதுபவரின் அறிவும் உறவினர் என்றே நாம் கருதுகிறோம். அவ்விரு வேலைகளுக்கும் இடையில் பள்ளிக்கூடமும் தொழிற்பயிற்சியும் பாலமாக நின்றிருக்க வேண்டும். தறியில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அப்பாலம் உரிய காலத்தில் கிட்டவில்லை.

கிட்டச் செய்வதற்கு முயற்சி நடவாமல் இல்லை. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-இலும், கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதலும் நடைமுறைக்கு வந்தன. சிறுவர் தறிக்குழியை விட்டு எழுந்தனர். கை பழகும் வயதில் பள்ளிக்கு அனுப்பியதால்தான் தொழில் நலிந்தது என்று முதியோர் சிலர் குறைப்படுவதுண்டு. இதை நாம் ஏற்பதற்கில்லை. சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றிய பின்னும் விசைத்தறியின் மலிவான போட்டி ஓயவில்லை. பல நாள் உழைத்து நெய்த சேலைக்குரிய கூலி வீட்டுச் செலவுக்கு ஈடுகொடுக்கவில்லை. தொழில் நலிந்ததற்குக் காரணம் அங்கே இருக்க, பழியைப் பள்ளிக்கூடத்தின்மேல் போடுவது முறையன்று.

இனித் தொழிற்சாலைக்கு வருவோம். ஹென்றி போர்டு 1913-இல் தம் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசை முறையைப் புகுத்தினார். வண்டியின் அடிச்சட்டம் ஒன்றை இணைக்க முன்பு பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. புதிய முறையில் 93 நிமிடமே போதுமானதாயிற்று. ஒருவர் முழுவதும் அறிந்து செய்த வேலை பல துண்டுகளாகப் பிரிந்ததே இதன் மர்மம். ஒரு துண்டைச் சில நாளில் எவரும் கற்றுக்கொள்ளலாம். அதனாலேயே ஒருவர் இடத்தில் மற்றொருவரைச் சில நாளில் அமர்த்தவும் கூடும். வேலையின் நேரமும் மாறியது. தன் தறியில் நெய்பவர் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் தறியை நிறுத்திவிட்டு எழுவார். ஆலைச் சங்கு அதற்கு இடங்கொடாது. சென்னைப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதைத் தோற்றுவித்து வளர்த்தவர்களுள் பி. பி. வாடியாவுடன் திரு. வி. க.வும் ஒருவர். அவர் குன்றத்தூருக்கு அண்மையிலுள்ள துள்ளத்தில் 1883-இல் பிறந்தவர் என்பது இப்பகுதியினர் பெருமையோடு நினைக்கத்தக்கது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் வண்டி 1998-இல் விற்பனைக்கு வந்தது. ஒரகடத்தில் ரெனோ, நிசான் கூட்டுத் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. இடையில் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, உச்சநிலையில் ஏறத்தாழ 8,000 பேருக்கு நேரடி வேலை கொடுத்தது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்து இளம்பெண்கள். சம்பளம் தம் பெயரில் வங்கிக்கு வந்ததும், தங்கையின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் தாமே பணம் கொடுத்ததும் அவ்வீடுகளில் அவர்களது சொல்லுக்கு மதிப்பைக் கூட்டின. ஆனால் உலகம் பொத்தான் கைப்பேசியைவிட்டுத் தொடுதிரைக்கு மாறிற்று. வரி வழக்கும் சேர்ந்துகொண்டது. நிறுவனத்தின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்டுக்குக் கைமாறியபோது இத்தொழிற்சாலை அதில் சேர்க்கப்படவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி அங்கு உற்பத்தி நின்றது. ஒன்பது ஆண்டுகூட நிறையவில்லை. ஒரு தறி மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது. இவ்வேலையோ ஒரு பெண்ணின் இருபதுகளுக்குள்ளேயே முடிந்துவிட்டது. கைப்பேசியின் ஓர் உறுப்பைப் பொருத்த மட்டும் கற்றிருந்தவர், அடுத்த வாயிலில் போய் எதைக் காட்டி வேலை கேட்பார்? சான்றிதழோடு கூடிய முழுத்தொழில் ஒன்றைக் கற்றிருந்தால் அவர் நிலை வேறாக இருந்திருக்கும். மூடிய அக்கட்டடத்தை மின்னேற்றி செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக 2019-இல் அறிவிப்பு வந்தது. இடையில் கழிந்தவை ஐந்து ஆண்டுகள்.

ஆகவே, ‘பக்கத்தில் தொழிற்சாலை வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு வேலை கிடைத்துவிடும்’ என்று ஊராட்சி அமர்ந்துவிடலாகாது. பத்தாம் வகுப்பு முடித்தவுடன் ஒப்பந்தக்காரர் வண்டியில் ஏறும் பிள்ளைக்கும், ஈராண்டு தொழிற்பயிற்சி பெற்றபின் ஏறும் பிள்ளைக்கும் கிடைக்கும் வேலை வேறு. மாநிலத்தின் 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் இயந்திரக் கை முதலிய புதுக்கருவிகள் அமைக்கும் திட்டத்தில் ஒரகடம் நிலையமும் சேர்ந்துள்ளது. பற்றவைப்பாளர், கம்பியாளர் போன்ற பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கோ தொழிற்பயிற்சிக்கோ செல்லும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இவை தெரியாமலேயே விண்ணப்ப நாள் கடந்துபோகும் வீடுகள் தொழிற்சாலை மதிலை ஒட்டிய ஊர்களிலும் உள்ளன.

மே 1-ஆம் தேதிக் கிராமசபை இதற்கு மிகவும் ஏற்றது. தேர்வு முடிவும் சேர்க்கையும் அதை அடுத்தே வருகின்றன. அவ்வாண்டு எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் முடித்தவர்களின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் பெற்று, ஒவ்வொருவரும் அடுத்து எங்கே செல்கிறார் என்று வார்டு உறுப்பினர் வீட்டுக்குச் சென்று கேட்டறியலாம். பெண்பிள்ளையாயின், இரவு முறை முடிந்து இறங்கும் பேருந்து நிறுத்தத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் அந்த உறுப்பினரின் கடமையே. பயிற்சி நிலையத்து மாணவர்களை ஒரு நாள் குன்றத்தூர்த் தறிவீடு ஒன்றுக்கு அழைத்துச் சென்று, அட்டை மாறும்போது இழை எழுவதைக் காட்டலாம். அதற்கு ஒரு வண்டி ஏற்பாடு செய்துகொடுப்பது எந்த ஊராட்சிக்கும் பெரிய செலவன்று.