முடவாட்டுக்கால்: கிழங்கல்ல, பெரணி

திருக்கோவிலூருக்கு மேற்கே கல்வராயன் மலை. அதற்கும் அப்பால் ஏற்காடு, கொல்லிமலை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பழுப்பு ரோமம் போர்த்திய முடவாட்டுக்காலைச் சாலையோரம் குவித்து விற்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லதென்று சூப் வைத்துக் குடிக்கிறார்கள். கிழங்கு என்று எல்லோரும் சொன்னாலும், அது மண்ணுக்குள் விளைவதல்ல. பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் ஒரு பெரணியின் தண்டு.

எந்தப் பேரினம்?

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் முடவாட்டுக்காலைப் பாலிபோடியம் பேரினத்தில் வைத்தார். இலையின் அடியில் மூடியில்லாத வட்டப் புள்ளிகளாக, ஸ்போர் எனும் வித்துகளைத் தாங்கும் பெரணிகள் பலவும் அன்று அதற்குள்தான் அடங்கின. 19ஆம் நூற்றாண்டில் கியூ தாவரத் தோட்டத்தின் ஜான் ஸ்மித் டிரைனேரியாவைத் தனிப் பேரினமாக்கினார். அதிலுள்ள செடிகளின் தனி அடையாளம் இருவகை இலைகள். நீண்ட பச்சை இலைகள் உணவு தயாரித்து வித்துகளையும் தாங்குகின்றன. தண்டை ஒட்டிய குட்டை இலைகள் காய்ந்து பழுப்பானாலும் உதிர்வதில்லை; கூடைபோல் நின்று சருகையும் தூசியையும் பிடித்து வைக்கின்றன. அது மட்கி, மண்ணில்லாத பாறையிலும் வேருக்கு உரமாகிறது.

ஒரு செடி, இரண்டு பெயர்

1836இல் தாவரவியலாளர் ஷாட் பெயரிட்ட அக்லேமார்ஃபா பேரினத்தில், பல செடிகளில் ஒரே இலையின் அகன்ற அடிப்பகுதி சருகு சேர்க்கிறது. டிரைனேரியாவும் இதுவும் மிக நெருங்கிய உறவு என்பதை மரபணு ஆய்வுகள் காட்டின. ஒன்றாக்கினால் மூத்த பெயரே நிற்க வேண்டும் என்பது தாவரப் பெயரிடல் விதி. இரண்டில் மூத்தது அக்லேமார்ஃபா. அதனால்தான் முடவாட்டுக்கால், பேரினங்களைப் பிரித்துவைக்கும் சில நூல்களில் டிரைனேரியா குவெர்சிஃபோலியா, ஒன்றாக்கும் சிலவற்றில் அக்லேமார்ஃபா குவெர்சிஃபோலியா.

நமக்கென்ன பயன்?

சீன மருத்துவத்தில் எலும்பு முறிவுக்குப் பயன்படும் ஒரு தண்டும் இதே டிரைனேரியா பேரினத்தைச் சேர்ந்தது. இத்தகைய உறவு ஆய்வாளர்களுக்கு வழிகாட்டும். ஆனால் அதுவே நோய் தீரும் என்பதற்குச் சான்றாகாது.

பெரணி என்று அறிவதில் இன்னொரு பயனும் உண்டு. இதற்குப் பூவில்லை, விதையில்லை. காற்றில் பறக்கும் வித்து ஈரமான இடத்தில் விழுந்து முளைத்து, நீரின் துணையால் கருவுற்றால்தான் புதுச்செடி. தண்டு முழுவதையும் பெயர்த்தால் செடியே போய்விடும். வளரும் நுனியோடு ஒரு துண்டை விட்டுவைத்தால் மீண்டும் படரும். மலையில் அறுப்பவரும் கடையில் வாங்குபவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளைந்த கிழங்கைத் தோண்டுவதுபோல் இதை எடுத்துக்கொண்டே போனால், பாறைகள் வெறுமையாகும்.