கோயில் சுவரும் காட்சிக்கூடச் சுவரும்

பெங்களூருச் சிவாஜிநகரிலுள்ள புனித மரியன்னைப் பேராலயத்தை அந்நகரில் வாழும் தமிழர்கள் யாவரும் அறிவர். செஞ்சிச் சீமையிலிருந்து பிழைப்பை நாடிக் குடிபெயர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் எழுப்பிய ஒரு கூரைக் கோயிலே அதன் தொடக்கம் என்றும், அதனைக் 'காணிக்கை மாதா கோயில்' என அவர்கள் வழங்கினர் என்றும் அக்கோயிலின் வரலாறு கூறுகிறது. இன்று நாம் காணும் கட்டடம் 1882-இல் எழுந்தது. அதன் கூர்ங்கோபுரமும் வளைவுகளும் முற்றிலும் ஐரோப்பியப் பாணியில் அமைந்தவை. உள்ளே எழுந்தருளியிருக்கும் தேவமாதா சுரூபமும் முக அமைப்பில் ஐரோப்பியச் சாயல் உடையதே. ஆனால் மாதா உடுத்தியிருப்பது சேலை. வேளாங்கண்ணியிலும் அவ்வாறே. ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள் திருநாளுக்குக் கூடும் பெருங்கூட்டத்தில் எவரும், "மாதாவுக்குச் சேலை பொருந்துமா?" என்று கேட்பதில்லை. நேர்த்திக்கடனாகச் சேலை சாத்தும் வழக்கம் எந்த மேற்றிராணியாரின் ஆணையாலும் வந்ததன்று. மக்கள் கொண்டுவந்தார்கள், கோயில் ஏற்றுக்கொண்டது.

இதே செயலை ஓர் ஓவியர் தூரிகை கொண்டு செய்தபோது என்ன நேர்ந்தது? அதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கிறிஸ்தவ விஷயங்களை இந்திய ஓவியர் வரைவது புதிதன்று. 1580-இல் ஏசுசபைக் குருமார் பதேபூர் சிக்ரியில் அக்பரின் அவைக்கு வந்தபோது தம்முடன் படங்களையும் படமிட்ட விவிலியத்தையும் கொண்டுவந்தனர். மொகலாய அவையின் ஓவியர்கள் அவற்றைப் பார்த்துப் படியெடுத்தனர். பின்னர்த் தம் போக்கிலும் வரைந்தனர். நமது காலத்தில் நந்தலால் போசும் ஜாமினி ராயும் இயேசுவை வரைந்துள்ளனர். ஜாமினி ராயின் படங்களில் வங்காளக் கிராமத்துப் பொம்மைகளின் அகன்ற விழிகளோடு கிறிஸ்து நம்மை நோக்குகிறார். அவை அருமையான படங்கள். ஆயினும் அவை வழிபாட்டுக்கென வரையப்பட்டவை அல்ல. வரைந்தோரும் கிறிஸ்தவர் அல்லர். அவற்றைக் காட்சிக்கூடத்தில் நின்று பார்த்து மகிழ்ந்து நாம் வெளியேறிவிடலாம். கோயிற்படமோ அப்படிப்பட்டதன்று. அதன் முன்னே ஒருவர் முழந்தாளிட்டுத் தம் பிள்ளையின் நோய் தீர வேண்டி அழுவார். அப்படத்தின் முகம் அவருக்கு அந்நியமாயிருக்கலாகாது. பழகிய முகத்தை அவரிடமிருந்து பறிப்பதும் ஆகாது. இவ்விரண்டுக்கும் இடையில்தான் கிறிஸ்தவ ஓவியரின் இடர்ப்பாடு அமைந்துள்ளது.

இவ்விடர்ப்பாட்டை முதலில் முழுமையாக அனுபவித்தவர் ஆஞ்செலோ த பொன்சேகா. 1902-இல் கோவாவின் சாந்த எஸ்தேவாம் என்னும் ஊரில் பிறந்தவர். பம்பாயில் மருத்துவம் பயிலச் சென்று, அதனை நடுவே விட்டு ஓவியம் பயின்றார். ஜே. ஜே. கலைக்கல்லூரியில் கற்பிக்கப்பட்ட மேனாட்டு முறை அவருக்கு நிறைவு தரவில்லை. ஆதலின் வங்காளம் சென்று, அவனீந்திரநாத் தாகூரிடமும் சாந்திநிகேதனத்தில் நந்தலால் போசிடமும் பயின்றார். ஊர் திரும்பித் தேவமாதாவைக் கொங்கணப் பெண்ணாக, மாநிறத்தில், சேலையுடுத்தி, வெறுங்காலுடன் வரைந்தார். போர்த்துகீசியர் ஆட்சியிலிருந்த அந்நாளைய கோவாவில் இது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. கண்டனம் மிகவே, அவர் ஊரை விட்டுப் பூனாவுக்குச் சென்றார். அங்கே ஜாக் வின்ஸ்லோ என்னும் ஆங்கிலப் பாதிரியார் தொடங்கிய கிறிஸ்த பிரேம சேவா சங்க ஆசிரமம் அவருக்கு இடமளித்தது. அது ஆங்கிலிக்கன் சபையினரின் ஆசிரமம், பொன்சேகாவோ கத்தோலிக்கர். தம் சபையார் முகம் சுளித்த படங்களைப் பிற சபையார் வரவேற்றனர் என்பதை நாம் மனத்திற் கொள்ளுதல் தகும். கத்தோலிக்கருள்ளும் ஆதரித்தோர் இல்லாமற் போகவில்லை. பம்பாயிலிருந்த ஸ்பானிய ஏசுசபை வரலாற்றறிஞர் ஹென்றி ஹெராஸ் அடிகள் இந்தியப் பாணிக் கிறிஸ்தவக் கலைக்கு ஊக்கமளித்தவர்களுள் முக்கியமானவர்.

சேலையுடுத்திய சுரூபத்தை ஏற்ற மக்கள் சேலையுடுத்திய படத்தை ஏன் வெறுத்தனர்? நாம் கருதுவது இது. சுரூபத்துக்குச் சாத்தும் சேலை ஒரு காணிக்கை; அதன் உள்ளே இருக்கும் மாதா பழைய மாதாவே. பொன்சேகாவின் படத்திலோ உடை மட்டும் மாறவில்லை, உடலே மாறிவிட்டது. அண்டை வீட்டுப் பெண் தேவமாதாவாகிவிட்டாள். 1951-இல் மணம் புரிந்துகொண்டபின் தம் மனைவியையே மாதிரியாகக் கொண்டு அவர் பல படங்களை வரைந்தார். வெள்ளைநிற முகமே தெய்வீகமானது என்று நான்கு நூற்றாண்டுகளாகப் பழகிய கண்ணுக்கு இது பொறுக்கவில்லை. தம் நிறத்தையும் தம் தாயின் நிறத்தையும் பீடத்தின் மேல் காணக் கூசிய நிலை அது. இதனை எழுதும்போது நமக்கே சற்று வருத்தமாயிருக்கிறது. ஏனெனில் இந்நிலை கோவாவுக்கு மட்டும் உரியதன்று.

அவர் கையாண்ட முறையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். வங்காள ஓவியர்கள் ஜப்பானிய ஓவியரிடமிருந்து அறிந்து தமக்கேற்ப அமைத்துக்கொண்ட நீர்வண்ண முறை அது. தாளில் மெல்லிய வண்ணம் பூசி, உலர்ந்தபின் தாளை நீரில் நனைத்தெடுப்பர். ஒட்டாத வண்ணம் கரைந்து போகும். ஒட்டியது தாளோடு ஒன்றிப்போகும். அதன்மேல் மீண்டும் வண்ணம், மீண்டும் நீர். இவ்வாறு பலமுறை செய்தபின் படம் பனிமூட்டத்தினூடே தோன்றுவது போன்ற அமைதியைப் பெறும். அருகில் அமர்ந்து நெடுநேரம் பார்க்கத்தக்க படம் அது. ஆனால் உயர்ந்த கோயிற்சுவரில், மெழுகுதிரிப் புகைக்கும் மழைக்கால ஈரத்துக்கும் நடுவில், நூறு அடிக்கு அப்பால் நிற்போருக்கு அது என்ன தோன்றும்? பொன்சேகாவின் சிறந்த படைப்புகளுட் பல அளவிற் சிறியவை, தாளில் அமைந்தவை. மக்களின் எதிர்ப்பு மட்டுமன்று, அவர் விரும்பிய கருவியின் இயல்பும் அவற்றைப் பெரிய கோயில்களுக்கு வெளியே நிறுத்தியது. இதைப் பலர் கூறுவதில்லை.

அவர் காலத்திலேயே பம்பாயில் ஆஞ்செலா திரிந்தாதே என்னும் பெண் ஓவியரும் இவ்வழியிற் சென்றார். 1909-இல் பிறந்த இவர், புகழ்பெற்ற ஓவியர் அந்தோனியோ சவியேர் திரிந்தாதேயின் மகள். தந்தையும் மகளும் வரைந்த படங்களைப் பஞ்சிமில் ஓரியந்தே அறக்கட்டளை காட்சிக்கு வைத்துள்ளது. யூபிலி ஆண்டாகிய 1950-இல், பன்னிரண்டாம் பத்திநாதர் போப்பாண்டவராயிருந்தபோது, ரோமாபுரியில் மறைபரப்பு நாடுகளின் திருக்கலைக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. பல நாட்டுக் கலைஞரின் படைப்புகளோடு இந்தியப் படைப்புகளும் அங்கே இடம்பெற்றன. ரோமாபுரியில் பாராட்டுப் பெற்ற பாணிக்கு உள்ளூர்ப் பங்குக்கோயிலில் இடம் கிடைப்பது அரிதாயிருந்தது என்பது வேடிக்கையே.

பின்னர் 1963 டிசம்பரில் வத்திக்கான் பொதுச்சங்கம் வழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தன்னுடையதென்று கொண்டதில்லை என்றும், எல்லா இனத்தாரின், எல்லா நாட்டாரின் இக்காலக் கலைக்கும் கோயிலில் இடமுண்டு என்றும் அது தெளிவுபடுத்தியது. இந்தியாவில் அதனைச் செயலுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர்: குருவானவர் து. சி. அமலோர்பவதாஸ். 1967-இல் அவர் பெங்களூரில் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டுத் தேசிய நடுவத்தை நிறுவினார். அங்குள்ள கோயில் நம் நாட்டுக் கோயிலமைப்பைத் தழுவியது; மக்கள் தரையில் அமர்ந்து பூசை காண்பர். அதற்கு உருவங்களை அமைத்துத் தந்த கலைஞர் ஜோதி சாகி.

1944-இல் பூனாவில் பிறந்த ஜோதி சாகிக்குத் தந்தை பஞ்சாபியர், தாய் ஆங்கிலேயர். இலண்டனில் ஓவியம் பயின்று திரும்பி, கட்டடக்கலைஞர் லாரி பேக்கரோடு சிலகாலம் பணியாற்றியவர். கட்டடத்தோடு இணையாத படம் கோயிலில் ஒட்டாது என்பதை அவர் அங்கு உணர்ந்திருக்க வேண்டும். ஐரோப்பியக் கோயில்களின் வண்ணக் கண்ணாடி, வெயில் குறைந்த நாடுகளில் பிறந்த கலை. கிடைக்கும் சிறு ஒளியையும் அது மணிபோல் ஒளிரச் செய்யும். நம் நாட்டிலோ வெயில் மிகுதி, வேண்டுவது காற்று. ஆதலின் நம் சிற்பிகள் நெடுங்காலமாகச் சாலகம் என்னும் துளைச் சன்னலை அமைத்து வந்தனர். அவ்வழியில், கண்ணாடிக்குப் பதிலாகக் கிராதியிலேயே உருவத்தை அமைத்தால், காற்று தடையின்றி வரும். கதிரவன் நகர நகர, உருவத்தின் நிழல் தரையில் அமர்ந்திருப்போர் மீது மெல்ல நகரும். சட்டமிட்டு மாட்டிய படத்துக்கு இப்பேறு இல்லை.

இந்நடுவத்தின் பணிக்குக் கத்தோலிக்கரிடையிலேயே கடும் எதிர்ப்பும் எழுந்தது. கோயிலை இந்துமயமாக்குகிறார்கள் என்றனர் சிலர். அவ்வெதிர்ப்பை வெறும் அறியாமை என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்து, கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட முன்னோரை நினைவிற் கொண்டிருக்கும் ஒருவருக்குத் தாமரையும் கலசமும் 'நம்முடையவை' என்று தோன்றாமற் போகலாம். எவருடைய பண்பாட்டை இந்தியப் பண்பாடு என்கிறோம் என்பது நியாயமான கேள்வி. கலையளவிலும் நமக்கு ஒரு குறை உண்டு. இவ்வழியைப் பின்பற்றிய சிலர் ஒரே படத்தில் தாமரை, மயில், குத்துவிளக்கு, சக்கரம் அனைத்தையும் நிரப்பிவிடுகின்றனர். பக்கத்தில் விளக்கவுரை ஒன்று ஒட்டினாலன்றிப் படம் பேசாது. பொன்சேகாவின் மாதாவுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

மேற்சொன்ன கேள்விக்கு ஆந்திரத்து லுத்தரன் குருவானவர் சாலமோன் ராஜ் வேறு வகையில் விடை தந்தார். 1921 முதல் 2019 வரை வாழ்ந்த இவர் மரச்செதுக்கு அச்சிலும் பாத்திக் துணியிலும் வல்லவர். உருக்கிய மெழுகால் துணியில் கோடிட்டுச் சாயத்தில் தோய்ப்பது பாத்திக். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெளிர்நிறத்திலிருந்து கருநிறம்வரை படிப்படியாகத் தோய்த்து, இறுதியில் மெழுகை நீக்குவர். மெழுகில் விழுந்த வெடிப்புகளில் சாயம் இறங்கி நரம்புபோல் ஓடும். இவருடைய படங்களில் கிறிஸ்து அகதிகளோடும் ஒடுக்கப்பட்டோரோடும் நிற்கிறார். தாமரை மேல் அமர்ந்தவராக அல்லாமல் வழிநடையாளராகவே அவரைக் காண்கிறோம். துணி என்பதால் இப்படத்தைச் சுருட்டி எடுத்துச்செல்லலாம். ஓலைக் கூரையுள்ள ஜெபக்கூடத்திலும் விரித்து மாட்டலாம். ஏழைச் சபைக்கு ஏற்ற கலை.

துணியின் இப்பயன் கடல் கடந்தும் விளங்கியது. தவக்காலத்தில் பீடத்தை ஒரு துணியால் மறைப்பது ஜெர்மானியக் கோயில்களின் பழைய வழக்கம். 'பசித்துணி' என்பது அதன் பெயர். வழக்கொழிந்துவந்த இதனை மிசெரெயோர் என்னும் ஜெர்மன் கத்தோலிக்க உதவி நிறுவனம் 1976-இல் புதுப்பித்தபோது, முதல் துணிக்கான படத்தை வரைந்தவர் நம் ஜோதி சாகி. 1990-இல் விவிலியப் பெண்களைப் பொருளாகக் கொண்ட துணியை வரைந்தவர் கோவாவில் பிறந்த லூசி டிசூசா. இந்தியப் பங்குக்கோயில் பலவற்றில் இன்றும் அச்சுப்படங்களே தொங்க, ஜெர்மானியர் இந்தியர் வரைந்த துணியின் முன் தவக்காலத்தைக் கழித்தனர்.

சேலை வழக்கு இத்துடன் முடிந்ததா என்றால் இல்லை. 2013-இல் ராஞ்சிக்கு அருகே சிங்பூர் என்னும் ஊரில், சிவப்புக் கரையிட்ட வெண்சேலையுடுத்தி, குழந்தையைத் துணியால் உடலோடு கட்டிச் சுமக்கும் ஆதிவாசித் தாயாக மாதாவின் சுரூபம் நிறுவப்பட்டது. இம்முறை எதிர்த்தவர்கள் கோயிலார் அல்லர். சர்னா சமயத்தைச் சேர்ந்த ஆதிவாசிகள். அச்சேலை தங்கள் சமயத்துக்கும் மரபுக்கும் உரியது என்றும், அதனை மாதாவுக்கு உடுத்துவது தம் மக்களை மதம் மாற்றும் சூழ்ச்சி என்றும் கூறி ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர். அங்குள்ள கிறிஸ்தவர்களோ, தாங்களும் ஆதிவாசிகளே, தம் தாய்மார் உடுத்துவதும் அச்சேலையே என்றனர். பொன்சேகாவிடம், "மாதா நம்மைப் போல் இருக்கலாமா?" என்று கேட்டார்கள். ராஞ்சியில், "அந்த 'நாம்' யார்?" என்று கேட்டார்கள். இரண்டாம் கேள்வி மேலும் கடினமானது. ஓவியர் ஒருவரால் மட்டும் தீர்க்கத்தக்கதன்று.

பொன்சேகா 1967 டிசம்பரில் காலமானார். அவருடைய படங்களைப் பல்லாண்டுகள் காத்துவந்த மனைவியார், பின்னர் அவற்றுட் பெரும்பகுதியைக் கோவாவின் போர்வோரிமிலுள்ள சவேரியார் வரலாற்றாய்வு நடுவத்துக்கு அளித்தார். கோவாவில் பணிபுரியும் தமிழர்களும், அங்குச் சுற்றுலாவாகச் செல்வோரும், கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு முற்பகலை இதற்கென ஒதுக்கலாம். பஞ்சிமிலிருந்து மாண்டவி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் போர்வோரிம். கொங்கணச் சேலையுடுத்திய மாதா, தம்மை ஏற்காத ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறார். கோயிலுக்கு அன்று, ஆய்வு நடுவத்துக்கு.