40 ஷாட், ஒரே வேலை

ஒரு சண்டைக் காட்சி, மொத்தம் 40 ஷாட். நடிகருக்குப் பின்னாடி இருக்கிற பச்சைத் துணியை எடுத்துட்டு வானத்தை வைக்கணும். கம்பாசிட்டிங் எல்லாம் முடிஞ்ச நேரத்துல எடிட்டிங்ல இருந்து தகவல் வருது: கட் மாறிடுச்சு, ஒவ்வொரு ஷாட்டும் 12 ஃபிரேம் நீளம், புது பிளேட் அனுப்பியிருக்கோம். (பிளேட்னா கேமராவில் எடுத்த மூலப் படம்.)

இப்போ 40 ஃபைலையும் திறக்கணும். ரீட் நோடில் வி002 பிளேட்டை எடுத்துட்டு வி003-ஐக் கொடுக்கணும், ரைட் நோடில் புது வெர்ஷன் எண் போடணும், சேவ் பண்ணி ரெண்டருக்கு அனுப்பணும். ஷாட்டுக்கு 3 நிமிஷம்னாலும் 2 மணி நேரம் காலி.

நியூக் மென்பொருளில் இதை பைத்தான் செய்துவிடும். 1993-ல் டிஜிட்டல் டொமைன் ஸ்டுடியோ தன் சொந்த வேலைக்காக எழுத ஆரம்பித்தது இது. 2007-ல் ஃபவுண்ட்ரி நிறுவனத்துக்குக் கைமாறி, 5-ம் பதிப்பில் பைத்தான் உள்ளே வந்தது. ஒவ்வொரு நோடும் பைத்தானுக்கு ஒரு ஆப்ஜெக்ட். லூப்பில் ரீட் நோடுகளை எடுத்து, ஃபைல் பாதையில் வி002-ஐ வி003 ஆக்கினா வேலை முடிஞ்சுது. நம்ம முதல் செமஸ்டர் லேப் அளவுக்குத்தான் கோடு.

ஆனா சிக்கலே இங்கதான். கிராபிக்ஸ் டீம் கொடுத்த புகை லேயர் பேர்லயும் வி002 இருக்கலாம். லூப் அதையும் மாத்திடும். வி003 புகை டிஸ்கில் இல்லைன்னா எரர் வரும், தப்பிச்சோம். யாரும் ஓகே சொல்லாத வி003 அங்கே இருந்தா சத்தமில்லாம படத்துக்குள்ள வந்துடும். அதனால பாதையில் பிளேட் ஃபோல்டர் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் மாத்தணும்.

அடுத்தது இன்னும் மோசம். ஃபைல் பிரவுசரில் கையால் தேர்வு செய்தால், முதல், கடைசி ஃபிரேம் எண்களை நியூக்கே நிரப்பிக்கும். செட்வேல்யூ போட்டு பாதையை மட்டும் மாத்தினா நிரப்பாது. பழைய 1001-1096 அப்படியே நிற்கும். 1108 வரை ரெண்டர் போகும், எரரும் வராது. ஏன்னா கடைசி ஃபிரேமுக்கு அப்புறம் அதே படத்தைப் பிடிச்சு வைக்கிறதுதான் ரீட் நோடின் டீஃபால்ட். கடைசி அரை நொடி பிளேட் உறைஞ்சு நிற்கும், அதுவும் 40 ஷாட்டிலும்! கையால் செய்திருந்தா ஒன்றிரண்டில்தான் தப்பு வந்திருக்கும்.

ஆக, ஸ்கிரிப்டில் பாதையை மாத்துற பகுதி 4 வரி, சரிபார்க்கிற பகுதி 20 வரின்னு இருந்தா பயப்படாதீங்க. டிஸ்கில் எத்தனை ஃபிரேம் இருக்குன்னு எண்ணி, ரீட் நோடிலும் ப்ராஜெக்ட் செட்டிங்ஸிலும் அதையே எழுதச் சொல்லுங்க. ரைட் பாதையில் ஏற்கெனவே படம் இருந்தா நிறுத்தச் சொல்லுங்க, இல்லைன்னா ஓகே ஆன பழைய ரெண்டர் அழிஞ்சுடும்.

பழக நியூக்கின் இலவசப் பதிப்பு இருக்கு, பைத்தானுக்குச் சில கட்டுப்பாடுகளோடு. அது வேண்டாம்னா பிளெண்டர் முழுக்க இலவசம். அதிலும் கம்பாசிட்டர் உண்டு, பைத்தானும் உண்டு. எதுவானாலும் முதல்ல ஒரே ஒரு ஷாட்டின் காப்பியில ஓட்டிப் பாருங்க.