ஊர் ஊராகப் போகும் மேடை

சமகால நடனக் குழு ஒன்று தன் புதிய படைப்பை ஊர் ஊராகக் கொண்டுபோகும்போது ஆடுபவர்கள் மட்டும் பயணம் செய்வதில்லை. ஆடும் தரை, விளக்குகள், திரைகள், உடைப் பெட்டிகள், ஒலிக் கருவிகள் என்று ஒரு மேடையே லாரி ஏறுகிறது. நடனத்தின் கருவி உடல்தான். ஆனால் அந்த உடல் ஒவ்வொரு ஊரிலும் ஒரே மாதிரி குதிக்கவும் வழுக்கவும் சுழலவும் வேண்டுமென்றால், அதைத் தாங்குவதும் காட்டுவதும் மாறாமல் இருக்க வேண்டும். சுற்றுப்பயணம் என்னும் தொழில்நுட்பம் இந்தத் தேவையிலிருந்தே வளர்ந்தது.

பிரிட்டனில் இதற்கு நீண்ட மரபு உண்டு. அங்குள்ள நடனக் குழுக்களில் மிகப் பழையது ராம்பேர். போலந்தில் பிறந்த மரி ராம்பேர் 1926இல் தொடங்கிய இந்தக் குழு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொழிற்சாலைகளுக்கே சென்று பாலே ஆடியது. 1966இல் அது தன்னை முற்றிலும் மாற்றிக்கொண்டது. பெரிய பாலேக்களையும் அவற்றுக்கு வேண்டிய பெரும் ஆடற்கூட்டத்தையும் கைவிட்டு, எல்லோரும் முதன்மைக் கலைஞர்களாக ஆடக்கூடிய சிறிய நவீன நடனக் குழுவானது. மறு ஆண்டே கலைப் புரவலர் ராபின் ஹோவர்டும் அமெரிக்க நடன அமைப்பாளர் ராபர்ட் கோஹனும் சேர்ந்து லண்டன் கன்டெம்பரரி டான்ஸ் தியேட்டரைத் தொடங்கினார்கள். லண்டனுக்கு வெளியே வாழ்ந்த மக்களுக்குச் சமகால நடனம் பழகியதில் இந்த இரு குழுக்களின் பயணங்களுக்குப் பெரும் பங்குண்டு.

சுற்றுப்பயணத்தின் முதல் சிக்கல், எந்த இரண்டு அரங்கமும் ஒன்றுபோல் இராது என்பது. 2000இல் திறந்த சால்ஃபோர்டின் லௌரி போன்ற அரங்கில் அகன்ற, சமதளமான மேடை கிடைக்கும். நூறு ஆண்டுக்கு முந்தைய அரங்குகள் பலவற்றில் மேடை பின்னாலிருந்து முன்னால் சரிந்து இறங்கும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்வரிசை நடிகர்களும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். நாடக நடிகருக்கு அது பெரிய தொல்லையில்லை. ஒற்றைக் காலில் சமநிலை பிடித்து நிற்கும் நடனக் கலைஞருக்கோ உடலின் எடைமையமே இடம் மாறிவிடும். ஒத்திகைக் கூடத்தில் மாதக்கணக்கில் பழகிய ஒரு சுழற்சியைச் சரிவுக்கு ஏற்றபடி அன்று பிற்பகலிலேயே மறுபடி பழக வேண்டியிருக்கும்.

அடுத்தது தரை. நடனத் தரையில் இரண்டு அடுக்குகள் உண்டு. இரண்டுக்கும் வேலை வெவ்வேறு. அடியில் இருப்பது அதிர்வு தாங்கும் தரை. மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியோ, ஒட்டுப்பலகைக்குக் கீழே ரப்பர் போன்ற மெத்தைத் துண்டுகளை வைத்தோ அதை அமைக்கிறார்கள். குதித்து இறங்கும் உடல் தன் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தரையில் செலுத்துகிறது. தரை சற்றே அமுங்கி அந்த விசையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளாவிட்டால் கணுக்காலும் முழங்காலும் முதுகும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கான்கிரீட்டின் மேல் நேரடியாக ஆடுவது காயத்தை வரவழைப்பது. அதனால் வசதியுள்ள குழுக்கள், மேடை கெட்டியாக இருக்கும் ஊர்களுக்கு மடக்கி எடுத்துப்போகக்கூடிய மரப்பலகைத் தரையையும் கொண்டுசெல்கின்றன.

மேலே விரிப்பது வினைல். ஓரிரு மில்லிமீட்டர் தடிமனும் ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் அகலமும் உள்ள சுருள்களாக இது வருகிறது. அதிர்வைத் தாங்குவது இதன் வேலையன்று. காலுக்குப் பிடிப்பும் வேண்டிய அளவு வழுக்கலும் தருவதே. வெறுங்காலில் ஆடும் சமகால நடனத்துக்கு இது உயிர்நாடி: மரச்சிம்பு குத்தக்கூடாது, ஆணித்தலை கீறக்கூடாது, உருண்டு புரளும்போது தோல் உரியக்கூடாது. பெரும்பாலும் ஒருபுறம் கறுப்பாகவும் மறுபுறம் சாம்பல் அல்லது வெள்ளையாகவும் இருப்பதால் ஒரே சுருளை இரண்டு படைப்புகளுக்குத் திருப்பிப் போடலாம். குளிர்காலத்தில் இரவெல்லாம் லாரியில் கிடந்த வினைல் விறைத்திருக்கும். விரித்ததும் அலை அலையாக எழும்பி நிற்கும். அறைச் சூட்டில் அது தளர்ந்து படிந்த பிறகே, நீள நீளமான பட்டைகளை அருகருகே வைத்து இணைப்புகளில் நாடா ஒட்டுகிறார்கள். கட்டைவிரல் நுனி மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஓர் ஓரம் தூக்கியிருந்தாலும் ஆபத்து என்பதால், ஒட்டிய நாடாவை ஒருவர் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே போவார்.

தரைக்கு அடுத்து ஒளி. நாடகத்தில் முகம் தெரிய வேண்டும். ஆகவே விளக்குகள் முன்னாலிருந்து வருகின்றன. முன்விளக்கு உடலைத் தட்டையாக்கிவிடும் என்பதால் நடனத்துக்கு அது மட்டும் போதாது. மேடையின் இரு பக்கமும், பக்கத்திரைகளுக்கு நடுவே, நெடுங்கம்பங்களை நிறுத்தி முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒன்று, இடுப்பளவில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று என்று விளக்குகளைப் பூட்டுகிறார்கள். கெண்டைக்கால் உயரத்தில் இருக்கும் விளக்குதான் நடன ஒளியமைப்பின் நுட்பமான கண்டுபிடிப்பு. அதன் கற்றை தரையைத் தொடாமல் தரைக்கு இணையாகப் பாய்வதால் தரை இருண்டே கிடக்கிறது. ஆடும் உடல் மட்டும் ஒளிர்ந்து அந்தரத்தில் நிற்பதாகத் தோன்றுகிறது. நவீன நடன முன்னோடி மார்த்தா கிரகாமுடன் பணியாற்றிய அமெரிக்க ஒளியமைப்பாளர் ஜீன் ரோசென்தால் பக்கவிளக்கை நடனத்தின் அடிப்படை மொழியாக்கியவர். இந்த அழகுக்கு விலையும் உண்டு. மேடையைவிட்டு ஓடி வெளியேறுபவரின் கண்ணில் அந்த வெளிச்சம் நேராக அடிக்கும். கம்பத்தில் மோதிவிடாமல் இருக்க அதன் அடியில் வெள்ளை நாடா சுற்றியிருப்பார்கள்.

லாரி வந்து பொருள் இறக்குவதைப் பிரிட்டனின் அரங்கத்தார் ‘கெட்-இன்’ என்பார்கள். பெரிய குழுவுக்கு முழு நாள் பிடிக்கும். சிறிய குழு காலையில் இறக்கி அன்றிரவே ஆடிவிடும். விளக்குகளின் அமைப்பு கணினியில் பதிவாகியிருந்தாலும் ஒவ்வோர் அரங்கின் விளக்கும் உயரமும் வேறு என்பதால், ஒருவர் மேடையில் நடன இடத்தில் நிற்க, ஒவ்வொரு விளக்கையும் கையால் திருப்பிக் குறிவைக்க வேண்டும். பிறகு அதே மேடையில் குழுவின் அன்றாடப் பயிற்சி வகுப்பு. அதன்பின் இட ஒத்திகை: மேடை ஒரு மீட்டர் குறுகினால் ஓடும் தூரமும் வரிசை இடைவெளியும் மாறும். மேடையின் மையத்தையும் கால்பங்குகளையும் முன்விளிம்பில் குறித்து, அதை வைத்தே கலைஞர்கள் தங்கள் இடத்தைக் கணக்கிடுகிறார்கள்.

புதிய படைப்பு என்றால் அரங்குகளுக்குத் தயக்கம் இருப்பது இயல்பு. அதற்குக் கண்ட வழி, ஒரே மாலையில் இரண்டு மூன்று குறும்படைப்புகளை இடைவேளை விட்டு ஆடுவது. மக்கள் அறிந்த ஒன்றோடு அறியாத ஒன்றும் சேர்ந்து போகும். இருந்தாலும் பிராந்திய அரங்குகளைத் தலைநகரில் தேறியவற்றை வாங்கிக்கொள்ளும் இடங்களாக எண்ணுவது தவறு. பினோசே ஆட்சியில் சிலி மக்கள் பட்ட துயரைச் சொல்லும் கிறிஸ்டோபர் புரூஸின் ‘கோஸ்ட் டான்சஸ்’, ராம்பேர் படைப்புகளில் மிகவும் விரும்பப்பட்டவற்றுள் ஒன்று. அது 1981இல் முதன்முதல் ஆடப்பட்டது பிரிஸ்டலில். 2022இல் ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரைத் தழுவிய நடன நாடகமும், அந்தக் கதை நடக்கும் பர்மிங்காமிலேயே அரங்கேறிப் பிறகு ஊர்களைச் சுற்றியது.

இந்தப் பயணக் குழுக்களில் தமிழர் கவனிக்க வேண்டியது சோபனா ஜெயசிங்கின் குழு. சென்னையில் பிறந்து பரதநாட்டியம் ஆடிய அவர் 1988இல் லண்டனில் அதைத் தொடங்கினார். இசையமைப்பாளர் மைக்கேல் நைமனின் இரண்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட் சோபனாவின் நடனத்துக்கென்றே எழுதப்பட்டது. பரதநாட்டியத்தின் தாளக் கணக்குதான் அதன் எலும்புக்கூடு. ஸ்பானிஷ் ஃப்ளூ கொள்ளைநோயைப் பற்றிய சோபனாவின் ‘கன்டேஜன்’ (2018) வழக்கமான அரங்குகளை விட்டு அருங்காட்சியகம் போன்ற இடங்களில் ஆடப்பட்டது. அத்தகைய இடங்களில் தரையையும் ஒளியையும் அடியிலிருந்து அமைக்க வேண்டும்.

நுழைவுச்சீட்டுப் பணம் மட்டும் இந்தச் செலவைத் தாங்காது. ஆர்ட்ஸ் கவுன்சில் வழியாக வரும் பொதுப்பணம்தான் பல குழுக்களைப் பயணத்தில் வைத்திருக்கிறது. அரங்குகளும் கூடிச் செயல்படுகின்றன: டான்ஸ் கன்சார்டியம் என்ற கூட்டமைப்பில் பெரிய அரங்குகள் ஒன்றுசேர்ந்து, வெளிநாட்டு நடனக் குழுக்களை வரவழைத்து ஒரே சுற்றில் பல ஊர்களுக்கு அனுப்புகின்றன.

ஆடிவிட்டுப் போவதோடு பயணம் முடிவதில்லை. பள்ளிகளில் வகுப்பு எடுப்பதும், ஓர் ஊரில் சில நாள் தங்கிக் கற்பிப்பதும் கோஹன் காலத்திலிருந்தே இதன் பகுதி. 1970களில் அவருடைய குழு யார்க்ஷயரில் இப்படித் தங்கிப் பணிசெய்தது. அதே வட்டாரத்தின் லீட்ஸ் நகரில், ஹேர்ஹில்ஸ் பள்ளியில் நடீன் சீனியர் என்ற ஆசிரியை நடனத்தைப் பாடமாக்கியிருந்தார். அவரிடம் படித்த கறுப்பின இளைஞர்கள் 1981இல் ஃபீனிக்ஸ் டான்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். 1985இல் சீனியர் அங்கே நார்தர்ன் ஸ்கூல் ஆஃப் கன்டெம்பரரி டான்ஸை நிறுவினார். ஃபீனிக்ஸ் இன்றும் லீட்ஸிலேயே புதிய படைப்புகளை உருவாக்கி நாடெங்கும் கொண்டுபோகிறது.